அந்த நாற்பத்தைந்து நிமிடம் யாருடையது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் உடல்நலப் பக்கத்தில் நடுவயதினரின் உடற்பயிற்சி குறித்து அண்மையில் வெளியான கட்டுரையைப் படித்தேன். அதிலுள்ள மருத்துவச் செய்திகளில் எனக்கு மாறுபாடு எதுவும் இல்லை. ஆனால், நேரமில்லை என்பது வெறும் சாக்கு என்றும், மனமிருந்தால் எவருக்கும் நேரம் கிடைக்கும் என்றும் கட்டுரையாளர் இடித்துரைத்து முடித்திருந்தார். அந்த ஒரு வரிக்காகவே இக்கடிதத்தை எழுதுகிறேன். அந்த வரியை நானே நான்கு ஆண்டுகள் பிறருக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். அது எங்கே பிழைபடுகிறது என்பதைப் பிறகு என் வீட்டிலேயே கற்றுக்கொண்டேன்.

எனக்கு நாற்பத்திரண்டு வயதானபோது, இரத்த அழுத்தம் எல்லைக்கோட்டைத் தொட்டுவிட்டது, மாத்திரை வேண்டாமென்றால் நடக்கத் தொடங்குங்கள் என்று மருத்துவர் எச்சரித்தார். மறுநாளே தொடங்கினேன். காலை ஆறு மணி முதல் ஆறே முக்கால் வரை விறுவிறுவென்று நடப்பேன். வாரத்தில் ஆறு நாள் தவறாது. ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் அப்படியே ஓடின. அலுவலகத்தில் யாராவது நேரமில்லை என்று சொன்னால், ஒரு நாளைக்கு 24 மணி நேரம் என்பது உங்களுக்கும் எனக்கும் பொதுதானே என்று கேட்பேன். கேட்பவர் வாயடைத்துப் போவார். அதில் எனக்கு ஒரு பெருமையும் இருந்தது.

சென்ற ஆண்டு என் மனைவி பணி தொடர்பான பயிற்சி ஒன்றுக்காக மூன்று மாதங்கள் வெளியூர் செல்ல நேர்ந்தது. வீட்டில் பதினான்கு வயதிலும் ஒன்பது வயதிலும் இரு பிள்ளைகள். எழுபத்தெட்டு வயதான என் தாயார். முதல் நாள் காலை வழக்கம்போல் ஆறு மணிக்குக் காலணியை மாட்டிக்கொண்டு நின்றபோதுதான், கதவைத் திறந்து வெளியே போக முடியாது என்பது உறைத்தது. பெரியவனின் பள்ளிப் பேருந்து ஏழு மணிக்கு வந்துவிடும். தாயாருக்கு வெறும் வயிற்றில் ஒரு மாத்திரையும், அரை மணி நேரம் கழித்து உணவோடு இரண்டு மாத்திரைகளும் தர வேண்டும். சின்னவளை எழுப்புவது தனிக் கலை. காலணியைக் கழற்றி வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனேன். இரண்டாம் நாள் நாலரை மணிக்கு அலாரம் வைத்து எழுந்து நடந்தேன். அன்று பிற்பகல் ஒரு கூட்டத்தில் மேலாளர் பேசிக்கொண்டிருக்கும்போதே கண்ணயர்ந்துவிட்டேன். மூன்றாம் நாள் நடை நின்றது. அந்த மூன்று மாதங்களில் நான் நடந்தது மொத்தம் பதினொரு நாட்கள்.

மன உறுதியில் எனக்கு எந்தக் குறைவும் வந்துவிடவில்லை. நான் அதே ஆள்தான். இத்தனை ஆண்டுகளும் ஆறு மணிக்கும் ஆறே முக்காலுக்கும் இடையில் வீட்டை ஒருவர் தாங்கிப் பிடித்திருந்தார் என்பதும், என் உறுதி என்று நான் கணக்கெழுதி வைத்திருந்ததில் பெரும்பகுதி அவருடைய உழைப்பு என்பதும் அப்போதுதான் எனக்கு விளங்கின. அவர் திரும்பி வந்ததும் இதைச் சொன்னேன். "அது உங்களுக்கு இப்போதுதான் தெரிந்ததா?" என்று மட்டும் கேட்டார்.

எனவே, நேரம் இருக்கிறதா இல்லையா என்று தனி மனிதரை மட்டும் நிறுத்திக் கேட்பது அரைக் கேள்விதான் என்று கருதுகிறேன். உலக சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டுதல்களின்படி, 18 முதல் 64 வயது வரையுள்ளவர்களுக்கு வாரத்தில் 150 முதல் 300 நிமிடங்கள் வரை மிதமான உடலியக்கமோ, 75 முதல் 150 நிமிடங்கள் வரை தீவிரமான உடலியக்கமோ தேவை. அதற்கு மேல், வாரத்தில் இரண்டு நாட்களாவது தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சியும் வேண்டும். (மிதம் எது என்று குழம்புகிறவர்களுக்கு எளிய சோதனை ஒன்று உண்டு: நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது.) ஒரு வாரத்தில் 10,080 நிமிடங்கள் இருக்கின்றன. அவற்றில் 150 என்பது ஒன்றரை விழுக்காடுதான். இந்தக் கணக்கைக் காட்டித்தான் நம்மை எல்லோரும் வெட்கப்பட வைக்கிறார்கள்.

ஆனால் கணக்கில் முப்பது நிமிடமாக இருக்கும் நடை, வாழ்க்கையில் முப்பது நிமிடமாக இருப்பதில்லை. உடை மாற்ற வேண்டும், திரும்பி வந்து வியர்வை அடங்கும்வரை காத்திருக்க வேண்டும், குளிக்க வேண்டும். உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகிறவராக இருந்தால் போகவர ஆகும் நேரம் வேறு. அரை மணி என்பது முக்கால் மணியாகி, ஒரு மணியை எட்டிப் பிடிக்கிறது. அதைவிடப் பெரிய சிக்கல், வேலைக்குப் போகிற பெற்றோரின் கையில் மிஞ்சுகிற நேரம் ஒரே கட்டாக மிஞ்சுவதில்லை என்பது. இங்கே எட்டு நிமிடம், அங்கே பன்னிரண்டு நிமிடம் என்று சில்லறையாகத்தான் வருகிறது. அந்தச் சில்லறையும் முழுதும் நம்முடையதாக இருப்பதில்லை. எந்த நொடியும் ஒரு குரல் கூப்பிடும், அல்லது அலைபேசி அடிக்கும். தொடர்ச்சியாக நாற்பத்தைந்து நிமிடம் யாரும் கூப்பிடாமல் இருக்கிறதென்றால், கூப்பிடுகிறவர்களை வேறொருவர் பார்த்துக்கொள்கிறார் என்று பொருள்.

இந்தச் சில்லறை நேரத்தைப் பற்றிய நல்ல செய்தி ஒன்று, தங்கள் கட்டுரையில் இடம்பெறாதது எனக்கு ஏமாற்றமாக இருந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் 2010ஆம் ஆண்டு வழிகாட்டுதல், ஓர் இயக்கம் தொடர்ந்து பத்து நிமிடமாவது நீடித்தால்தான் அதைக் கணக்கில் சேர்க்கலாம் என்று சொன்னது. 2020இல் அந்த நிபந்தனையை நீக்கிவிட்டார்கள். இன்று, மூன்று நிமிடம் படியேறினாலும் அது கணக்கில் சேரும். பிரிட்டனில் உடற்பயிற்சி எதுவும் செய்யாத 25,000க்கும் மேற்பட்டோரின் மணிக்கட்டில் கருவி கட்டி அளந்த தரவுகளைக் கொண்டு 2022இல் வெளியான ஓர் ஆய்வு, பேருந்தைப் பிடிக்க ஓடுவது, சுமையோடு மேடேறுவது போல மூச்சு வாங்கவைக்கும் இயக்கம் ஓரிரு நிமிடங்களாக நாளுக்கு மூன்று முறை அமைந்தவர்களிடையே இறப்பு விகிதம் கணிசமாகக் குறைவாக இருந்ததைக் காட்டியது. அத்தகைய ஆய்வு தொடர்பைக் காட்டுமே தவிரக் காரணத்தை நிறுவிவிடாது என்பது உண்மைதான். ஆனாலும், முழுதாக ஒரு மணி நேரம் கிடைக்காததால் எதுவுமே செய்யாமல் இருந்துவிடுகிறவர்களுக்கு இதை யாராவது சொல்லியாக வேண்டும்.

இதில் பழைய பாடம் ஒன்றும் இருக்கிறது. ஜெரமி மோரிஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவரும் அவருடைய குழுவினரும் இலண்டன் மாடிப் பேருந்துகளின் ஓட்டுநர்களையும் நடத்துநர்களையும் ஒப்பிட்டு, 1953இல் தங்கள் முடிவுகளை வெளியிட்டார்கள். ஒரே பேருந்து, ஒரே வேலைநேரம். ஓட்டுநர் நாள் முழுதும் உட்கார்ந்திருந்தார், நடத்துநர் நாளொன்றுக்கு 500 முதல் 750 படிகள் வரை ஏறி இறங்கினார். ஓட்டுநர்களைவிட நடத்துநர்களுக்கு இதயத் தமனி நோய் குறைவாகவே வந்தது. வந்தவர்களுக்கும் பிந்திய வயதில்தான் வந்தது. அந்த நடத்துநர்களில் எவரும் உடற்பயிற்சிக்கென்று நேரம் ஒதுக்கியிருக்க மாட்டார்கள். பயணச்சீட்டு கொடுப்பதற்காகத்தான் அவர்கள் மாடியேறினார்கள். உடலியக்கம் வேலைக்குள்ளேயே இருந்தது. நம் காலத்தில் நடத்துநர் வேலைகள் ஒவ்வொன்றாக ஓட்டுநர் வேலைகளாகிவிட்டன. நாற்காலியும் லிஃப்டும் திரையும் சேர்ந்து எல்லோரையும் உட்கார வைத்துவிட்டன. உட்கார வைத்த வேலையே மாலை ஏழு மணிவரை பிடித்தும் வைத்துக்கொள்கிறது. பிறகு, இழந்த இயக்கத்தை உங்கள் சொந்த நேரத்தில் ஈடுசெய்துகொள்ளுங்கள் என்று நமக்கு அறிவுரை வருகிறது.

நாளுக்குப் பத்தாயிரம் அடி என்ற இலக்கையும் இங்கே குறிப்பிட வேண்டும். 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடியளவிக் கருவிக்கு 'பத்தாயிரம் அடி அளவி' என்ற பொருளில் பெயர் வைத்தார்கள்; அந்த எண் அங்கிருந்துதான் பரவியது. மூத்த வயதுப் பெண்களிடம் நடந்து, 2019இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், நாளுக்கு 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடையே இறப்பு விகிதம் குறைவாக இருந்தது. 7,500 அடிக்கு மேல் கூடுதல் பயன் பெரிதாகத் தென்படவில்லை. இது எல்லா வயதினருக்கும் அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இரவு பத்து மணிக்குக் கைக்கடிகாரம் 6,200 என்று காட்டியதைப் பார்த்து, இன்றும் தோற்றுவிட்டேன் என்று சோர்ந்து படுக்கப்போன நண்பர்கள் எனக்கு இருக்கிறார்கள்.

வார நாட்களில் அசையவே வழியில்லாதவர்களுக்கு வார விடுமுறை இருக்கிறது. மணிக்கட்டுக் கருவி அணிந்த ஏறத்தாழ 90,000 பேரின் தரவுகளை ஆராய்ந்து 2023இல் வெளியான கட்டுரை ஒன்று, வாரத்துக்குரிய 150 நிமிடங்களில் பாதிக்கு மேல் ஓரிரு நாட்களிலேயே முடித்துக்கொள்பவர்களுக்கும், அதை வாரம் முழுதும் பரப்பிச் செய்பவர்களுக்கும், மாரடைப்பு, பக்கவாதம் ஆகியவற்றின் அபாயம் ஏறக்குறைய ஒரே அளவில் குறைந்திருந்ததைச் சொல்கிறது. ஐந்து நாள் அசையாதிருந்த உடலை ஆறாம் நாள் ஒரேயடியாக ஓடவிட்டால் முழங்கால் சும்மா இருக்காது என்பதை மட்டும் நினைவில் கொள்ள வேண்டும்.

இனி, நேரம் யாருடையது என்ற கேள்விக்கு வருகிறேன். ஊதியமில்லாத பராமரிப்பு வேலையில் உலக அளவில் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 4 மணி 25 நிமிடங்களும், ஆண்கள் 1 மணி 23 நிமிடங்களும் செலவிடுவதாகப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2018இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. 2022ஆம் ஆண்டு நிலவரப்படி போதிய உடலியக்கம் இல்லாதவர்கள் பெண்களில் 34 விழுக்காடு, ஆண்களில் 29 விழுக்காடு என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. ஒன்றுதான் மற்றொன்றுக்கு முழுக் காரணம் என்று நான் வாதிடவில்லை. ஆனால் இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் சாக்கு என்ற சொல்லை எடுக்கக் கூடாது. வீட்டு வேலையே உடற்பயிற்சிதானே என்று சிலர் உடனே கேட்பார்கள். தரையைத் தேய்த்துக் கழுவுவதும் சுமையோடு படியேறுவதும் உடலியக்கக் கணக்கில் சேரும்தான். அடுப்பின் முன் ஒன்றரை மணி நேரம் நிற்பது கால்வலியைத் தருமே தவிர, மூச்சுக்கும் தசைக்கும் பெரிதாக எதையும் தராது. களைப்பு வேறு, பயிற்சி வேறு. நாள் முழுதும் களைத்துப்போகிறவரைப் பார்த்து, உனக்குத் தனியாக எதற்குப் பயிற்சி என்று கேட்கிறவர், பெரும்பாலும் காலையில் நடந்துவிட்டு வந்தவராகவே இருப்பார். நான் இருந்தேன்.

சுவர் இருந்தால்தான் சித்திரம் என்பதை நமக்கு யாரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. சித்திரம் எங்கே என்று கேட்டு நெருக்குகிற இடங்கள், சுவரைப் பூச அரை மணி நேரம் விடுவதில்லை என்பதுதான் குறை. வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் வேலை செய்பவர்களைவிடப் பக்கவாத அபாயம் 35 விழுக்காடும், இதய நோயால் இறக்கும் அபாயம் 17 விழுக்காடும் கூடுதல் என்று உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் கூட்டாக அறிவித்தன. நான் முன்பு பணியாற்றிய அலுவலகம் ஒன்றில், ஊழியர் நலனுக்காக நடைப் போட்டி ஒன்றை ஏற்பாடு செய்தார்கள். அதற்கான ஆலோசனைக் கூட்டங்கள் இரண்டும் மாலை ஏழு மணிக்கு வைக்கப்பட்டன. பரிசுக் கோப்பையோ உடற்பயிற்சிக் கூடத்துக் கட்டணச் சலுகையோ எங்களுக்குத் தேவையாக இருக்கவில்லை. கூட்டங்கள் பத்து நிமிடம் முன்னதாக முடியலாம். படிக்கட்டின் விளக்குகள் எரியலாம். அதன் கதவு பூட்டப்படாமல் இருக்கலாம். ஷிப்ட் அட்டவணை முந்தைய நாள் இரவில் வராமல் இரண்டு வாரம் முன்பே வரலாம். இவற்றுக்குப் பெருஞ்செலவு எதுவும் ஆகாது.

எங்கள் வீட்டில் என்ன செய்தோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பின்பற்றத்தக்க முன்மாதிரி என்பதற்காக அல்ல, பிள்ளைகளின் தேர்வு வாரத்தில் இதுவும் குலைந்துதான் போகிறது. காலை நேரத்தைப் பங்கிட்டுக்கொண்டோம். திங்கள், புதன், வெள்ளி என் மனைவியுடையவை. செவ்வாய், வியாழன், சனி என்னுடையவை. ஞாயிறு எவருக்கும் இல்லை. அவருடைய நாட்களில் பேருந்தும் மாத்திரையும் அடுப்பும் என் பொறுப்பு. அந்த நேரத்தில் அவரை எதற்காகவும் கூப்பிடக் கூடாது என்பது பிள்ளைகளுக்கும் பொருந்தும் விதி. முதல் இரண்டு வாரம் அவர் வாசலிலிருந்து திரும்பித் திரும்பி வந்து ஏதாவது ஒன்றை நினைவூட்டிவிட்டுப் போனார். அந்தப் பழக்கம் நின்றதுதான் எங்களுக்குக் கிடைத்த முதல் வெற்றி. எனக்கு நடை இல்லாத நாட்களில் அலுவலகத்தில் நான்கு மாடியும் ஏறியே போகிறேன். அலைபேசியில் பேச வேண்டியதை நடந்துகொண்டே பேசுகிறேன். தண்ணீர் கொதிக்கும் நேரத்தில் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு பதினைந்து முறை உட்கார்ந்து எழுகிறேன். வாரத்தில் இரண்டு மாலை, பன்னிரண்டு நிமிடம், வீட்டின் நடுக்கூடத்தில் எல்லோரும் சேர்ந்து வலுவூட்டும் பயிற்சி செய்கிறோம். சின்னவள்தான் எண்ணுவாள், ஏமாற்ற முடியாது. அறுபத்தைந்து வயதைக் கடந்தவர்கள் வாரத்தில் மூன்று நாளாவது உடற்சமநிலைக்கான பயிற்சி செய்ய வேண்டும் என்பதால், மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, என் தாயாரும் நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காரத் தொடங்கினார். முதலில் மூன்று முறை. இப்போது பத்து.

தூக்கத்தைத் திருடி நடப்பதை மட்டும் நாங்கள் விலக்கிவிட்டோம். வயதுவந்தவர்களுக்கு ஏழு மணி நேரத் தூக்கமாவது வேண்டும் என்று சொல்லும் மருத்துவமே, நாலரை மணிக்கு எழுந்து ஓடு என்றும் சொல்வதாகத் தங்கள் கட்டுரை காட்டியிருப்பது முரண்பாடாக எனக்குப் படுகிறது. நள்ளிரவுவரை குழந்தையோடோ கணினியோடோ விழித்திருந்தவரிடம் அதைச் சொல்வது கொடுமையும்கூட. ஒரு நாள் தவறினால் எல்லாம் போயிற்று என்ற அச்சமும் தேவையில்லை. 2010இல் வெளியான இலண்டன் ஆய்வொன்று, புதிய பழக்கம் ஒன்று படிவதற்கு 18 நாள் முதல் 254 நாள் வரை ஆகலாம் என்றும், இடையில் ஒரு நாள் விட்டுப்போவதால் பெரிய பாதிப்பில்லை என்றும் கண்டது. எங்கள் அட்டவணை குலைந்தால், விட்டுப்போன நாட்களை ஈடுசெய்ய முனைவதில்லை. அடுத்த திங்கட்கிழமை யாருடைய முறை என்று மட்டும் பார்க்கிறோம்.

பங்கிட்டுக்கொள்ள வீட்டில் இன்னொருவர் இல்லாதவர்களுக்கு இந்த ஏற்பாடு பயன்படாது என்பதை அறிவேன். குழந்தைகளைத் தனியாக வளர்ப்பவரும், படுக்கையில் கிடப்பவரை இரவும் பகலும் பார்த்துக்கொள்பவரும் தங்கள் கட்டுரையைப் படித்திருப்பார்கள். சாக்கு என்ற சொல் அவர்களை எப்படித் தைத்திருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கிறேன். அவர்களுக்கு வேண்டியது, வாரத்தில் இரண்டு முறை ஒரு மணி நேரம் வந்து உட்கார்ந்திருக்க ஓர் உறவினர், அல்லது நம்பத்தக்க ஓர் அண்டை வீட்டார். அறிவுரை சொல்ல நேரமிருப்பவர்கள் அந்த ஒரு மணி நேரத்தையும் தரலாம்.

தங்கள் நாளிதழிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. உடல்நலப் பக்கத்தில், விடாமல் உடற்பயிற்சி செய்யும் வாசகர்களின் படத்தையும் அன்றாட அட்டவணையையும் வாரந்தோறும் வெளியிட்டு வருகிறீர்கள். அவர்கள் எத்தனை மணிக்கு எழுகிறார்கள், எவ்வளவு தொலைவு ஓடுகிறார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. இனி அந்த அட்டவணையில் ஒரு வரியைக் கூட்டுங்கள்: அந்த நேரத்தில் வீட்டைப் பார்த்துக்கொள்பவர் யார், அவருடைய பயிற்சி நேரம் எப்போது?

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகன்